டிஸ்க் இமேஜிலிருந்து ஒரே ஒரு கோப்பை எடுக்க எந்த வழி நல்லது?

ஹார்ட் டிஸ்க் முழுவதையும் இமேஜாக, அதாவது அதில் உள்ள எல்லாவற்றையும் சேர்த்த ஒரு நகலாக, எடுத்து வைப்பதற்கு எல்லோரும் சொல்லும் காரணம் ஒன்றுதான்: டிஸ்க் செத்துப்போனால் விண்டோஸ் முதல் எல்லாவற்றையும் அப்படியே திரும்பக் கொண்டுவரலாம். அப்படி ஒரு நாள் வரத்தான் செய்யும். ஆனால் அதற்கு முன்னால் வேறு மாதிரியான நாட்கள் பல வந்து போகும். போன மாதத்து எக்செல் கோப்பின் மேலேயே யாரோ புதுக் கணக்கைச் சேமித்துவிட்டார்கள். புது லேப்டாப்புக்கு மாறிய பிறகு, பழைய மெஷினில் ஏதோ ஒரு ஃபோல்டரில் கிடந்த கல்யாணப் படங்கள் வரவில்லை என்று தெரிகிறது. டேலி கணக்கு மென்பொருளின் டேட்டாவை காப்பி எடுக்காமலே ஃபார்மட் செய்தாகிவிட்டது. இந்த நாட்களில் 400 ஜிபி இமேஜை வைத்துக்கொண்டு, அதற்குள் எங்கோ இருக்கும் நாலைந்து எம்பியைத் தேடுகிறோம்.

அதனால் பேக்கப் மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும்போது நான் முதலில் பார்ப்பது, அது எவ்வளவு வேகமாக இமேஜ் எடுக்கிறது என்பதை அல்ல. எடுத்த இமேஜை வேறொரு கணினியில், பழைய கணினியின் உதவி இல்லாமல் திறந்து, ஒரு ஃபோல்டரை மட்டும் வெளியே எடுக்க முடியுமா? அதற்கு என்னென்ன வேண்டும்? இந்த இரண்டையும் வைத்துத்தான் கீழே உள்ள வழிகளை ஒப்பிடுகிறேன். பெரும்பாலும் விண்டோஸ் கணினிகளைப் பற்றியே பேசப்போகிறேன். வீடுகளிலும் சின்ன அலுவலகங்களிலும் இந்தச் சிக்கல் அதிகம் வருவது அங்கேதான்.

முதலில், சில இமேஜ்கள் நொடியில் திறப்பதும் சில மணிக்கணக்கில் இழுப்பதும் ஏன் என்று தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிதாகப் புரியும். டிஸ்க் என்பது வரிசையாக எண்ணிட்ட பிளாக்குகள். ஒரு கோப்பைத் திறக்க, கோப்பு அமைப்பின் அட்டவணையைப் படித்து, அந்தக் கோப்பு எந்தெந்த பிளாக்குகளில் இருக்கிறது என்று கண்டுபிடித்து, அங்கே நேராகத் தாவ வேண்டும். இமேஜைச் சுருக்காமல் வைத்திருந்தால் இப்படித் தாவுவது சுலபம். சுருக்கினாலும், சின்னச் சின்னத் துண்டுகளாகப் பிரித்துத் தனித்தனியே சுருக்கி, எந்தத் துண்டு எங்கே இருக்கிறது என்று ஓர் அட்டவணையும் வைத்திருந்தால் அப்போதும் தாவலாம். முழுவதையும் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே ஓட்டமாக ஜிஜிப் முறையில் சுருக்கியிருந்தால்தான் பிரச்சினை. ஆடியோ கேசட்டில் ஐந்தாவது பாட்டைக் கேட்க டேப்பை ஓட்டியே ஆக வேண்டும் அல்லவா, அதே கதைதான். நடுவில் உள்ள ஒரு பிளாக்கைப் படிக்க, அதற்கு முன்னால் இருப்பதையெல்லாம் விரித்துக்கொண்டே போக வேண்டும்.

இந்தக் கணக்கில் எனக்கு மிகவும் பிடித்தது விஎச்டிஎக்ஸ் வடிவம். மைக்ரோசாஃப்ட் தன் மெய்நிகர் கணினிகளுக்காக உருவாக்கிய டிஸ்க் கோப்பு இது. விண்டோஸ் 8 முதல் எந்த விண்டோஸ் கணினியும் கூடுதலாக எதையும் நிறுவாமலே இதைத் திறக்கும். சுருக்கக் கோப்புகளைத் திறக்கும் இலவச மென்பொருளான செவன்-ஜிப் திறக்கும். லினக்ஸில் கியூஎம்யூ கருவிகளும் திறக்கும். பழைய விஎச்டி வடிவத்தின் உச்ச அளவு 2 டெராபைட்டை ஒட்டி நின்றுவிடும். விஎச்டிஎக்ஸில் 64 டெராபைட் வரை போகலாம். எந்த நிறுவனம் கடையை மூடினாலும் இந்தக் கோப்பைத் திறக்க உலகத்தில் ஏதோ ஒரு கருவி இருக்கும் என்ற நம்பிக்கைதான் இதன் பெரிய பலம்.

இதை உருவாக்க இரண்டு சுலபமான வழிகள் உண்டு. ஒன்று, மைக்ரோசாஃப்டின் இலவச சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பில் உள்ள டிஸ்க்டுவிஎச்டி. நிறுவவே வேண்டாம். ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸிலேயே இயக்கி, வேண்டிய டிரைவ்களை டிக் செய்து, வெளி ஹார்ட் டிஸ்க்கில் சேமிக்கச் சொன்னால் போதும். விண்டோஸின் ஷேடோ காப்பி வசதியைப் பயன்படுத்துவதால், திறந்து கிடக்கும் கோப்புகளும் இமேஜில் வந்துவிடும். ஆனால் இது சுருக்காது. நேற்றிலிருந்து மாறியதை மட்டும் எடுக்கத் தெரியாது. எடுத்ததைச் சரிபார்க்கவும் செய்யாது. தினசரி பேக்கப்புக்கு இதை நம்ப வேண்டாம். பழைய கணினியை ஃபார்மட் செய்வதற்கு முன்போ, யாருக்காவது கொடுப்பதற்கு முன்போ ஒரே ஒரு முறை முழுசாக எடுத்து வைக்க, இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

இரண்டாவது, விண்டோஸின் கண்ட்ரோல் பேனலில் ‘பேக்கப் அண்ட் ரீஸ்டோர் (விண்டோஸ் 7)’ என்ற பெயரில் இன்னும் இருக்கும் சிஸ்டம் இமேஜ் வசதி. வெளி டிரைவில் ‘விண்டோஸ்இமேஜ்பேக்கப்’ என்று ஒரு ஃபோல்டரை அது உருவாக்கும். உள்ளே போய்ப் பார்த்தால் நீளமான எழுத்தும் எண்ணும் கலந்த பெயர்களில் விஎச்டிஎக்ஸ் கோப்புகள் இருக்கும், ஒவ்வொரு பார்ட்டிஷனுக்கும் (டிஸ்க்கின் பிரிவுக்கும்) ஒன்றாக. எது சி டிரைவ் என்று பெயரை வைத்துச் சொல்ல முடியாது; பெரும்பாலும் அளவில் பெரியதுதான் அது. எடுக்கவும் சுலபம், திறக்கவும் சுலபம். இருந்தும் இதை நான் பரிந்துரைக்கத் தயங்குவேன். 2017-இல் விண்டோஸ் 10-இன் 1709 பதிப்பு வந்தபோதே, இந்த வசதியை இனி மேம்படுத்தப் போவதில்லை, வேறு நிறுவனங்களின் கருவிகளைப் பயன்படுத்துங்கள் என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்துவிட்டது. அதோடு, நெட்வொர்க் ஃபோல்டரில் சேமித்தால் கடைசியாக எடுத்த ஒரே ஒரு இமேஜ்தான் தங்கும். முந்தைய மாதத்துக் கோப்பைத் தேடுபவருக்கு அது உதவாது.

விஎச்டிஎக்ஸைத் திறப்பதில் ஒரு எச்சரிக்கை உண்டு, இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டும். எக்ஸ்ப்ளோரரில் இரண்டு முறை கிளிக் செய்தால் உடனே ஒரு புது டிரைவ் எழுத்தில் திறந்துகொள்ளும். ஆனால் அப்படித் திறப்பது எழுதும் உரிமையோடு. நீங்கள் எதையும் மாற்றாவிட்டாலும் விண்டோஸ் தன் பாட்டுக்கு அதில் எதையாவது எழுதும். இமேஜ் எடுத்த அதே கணினியில், பழைய டிஸ்க் இன்னும் உள்ளே இருக்கும்போது திறந்தால், இரண்டு டிஸ்க்குகளுக்கும் அடையாள எண் ஒன்றாக இருப்பதைப் பார்த்து, இமேஜில் உள்ள எண்ணை மாற்றியும் விடும். அதற்குப் பிறகு அந்த இமேஜிலிருந்து விண்டோஸைக் கிளப்ப முயன்றால், தன் டிஸ்க்கை அதனால் கண்டுபிடிக்க முடியாமல் போகும். எனவே டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்து, ஆக்‌ஷன் மெனுவில் ‘அட்டாச் விஎச்டி’யைத் தேர்ந்தெடுத்து, ‘ரீட்-ஒன்லி’ என்பதை டிக் செய்த பிறகே இணையுங்கள். முடிந்ததும் அங்கேயே ‘டிடாச்’ கொடுங்கள். இரண்டு மூன்று கோப்புகள் மட்டும் போதும் என்றால் செவன்-ஜிப்பில் திறப்பது இன்னும் பாதுகாப்பு. அது இமேஜை இணைப்பதே இல்லை, வெறுமனே படிக்கிறது.

அடுத்து, தங்களுக்கென்று தனி வடிவம் வைத்திருக்கும் மென்பொருள்கள். மேக்ரியம் ரிஃப்ளெக்ட், வீம் ஏஜென்ட், அக்ரோனிஸ், ஹாஸ்லியோ எல்லாம் இந்த வகை. இவை துண்டு துண்டாகச் சுருக்கி அட்டவணையோடு வைப்பதால், இடமும் மிச்சம், திறப்பதும் வேகம். மாறியதை மட்டும் எடுக்கும் இன்கிரிமெண்டல் பேக்கப்பும் உண்டு என்பதால், ஒரே கோப்பின் திங்கட்கிழமை நிலையும் வெள்ளிக்கிழமை நிலையும் தனித்தனியே கிடைக்கும். மேலெழுதப்பட்ட எக்செல் கதைக்கு இதுதான் மருந்து.

இமேஜுக்குள் உலாவுவதை மட்டும் வைத்துப் பார்த்தால் மேக்ரியம்தான் முதலில் நிற்கிறது என்பேன். இமேஜ் கோப்பின் மேல் வலது கிளிக் செய்து ‘எக்ஸ்ப்ளோர் இமேஜ்’ கொடுத்தால், எந்தத் தேதி, எந்தப் பார்ட்டிஷன் என்று கேட்டுவிட்டு ஒரு டிரைவ் எழுத்தில் இணைத்துவிடும். அதற்குப் பிறகு சாதாரண டிரைவ் போலவே தேடலாம், படங்களை சிறு உருவில் பார்க்கலாம், கோப்பைத் திறந்து இதுதானா என்று சரிபார்க்கலாம். தடை செய்யப்பட்ட ஃபோல்டர்களுக்குள்ளும் போக அனுமதிக்கும் ஒரு டிக் பெட்டி அங்கேயே இருக்கிறது. அதன் அருமையைப் பிறகு சொல்கிறேன். குறை என்றால் விலைதான். பல ஆண்டுகள் எல்லோரும் நம்பியிருந்த இலவசப் பதிப்புக்கான ஆதரவு 2024 ஜனவரி 1-உடன் முடிந்துவிட்டது; அதற்குப் பிறகு வந்த ரிஃப்ளெக்ட் எக்ஸ் சந்தா முறைக்குப் போய்விட்டது. பழைய இலவசப் பதிப்பில் எடுத்த இமேஜ்கள் கையில் இருந்தால், அந்த நிறுவல் கோப்பையும் மீட்பு பென் டிரைவையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

வீம் ஏஜென்ட்டின் இலவசப் பதிப்பு இன்றும் கிடைக்கிறது. பணம் செலவழிக்க விரும்பாத வீட்டுக்கும் சின்ன அலுவலகத்துக்கும் நான் சொல்வது அதைத்தான். உலாவுவது மேக்ரியம் அளவுக்கு இயல்பாக இருக்காது. ‘ஃபைல் லெவல் ரீஸ்டோர்’ என்ற வழியில் போய், தேதியைத் தேர்ந்தெடுத்தால், பேக்கப் பிரவுசர் என்ற தனி ஜன்னல் திறக்கும். அதில் கோப்பைப் பிடித்து ‘ஓவர்ரைட்’ கொடுத்தால் பழைய இடத்திலேயே மேலெழுதும். ‘கீப்’ கொடுத்தால் இப்போதுள்ள கோப்பைத் தொடாமல், ‘ரீஸ்டோர்ட்’ என்ற முன்னொட்டோடு பக்கத்தில் வைக்கும். ‘காப்பி டு’ கொடுத்தால் நீங்கள் சொல்லும் ஃபோல்டருக்குப் போகும். எப்போதும் மூன்றாவதையே பயன்படுத்துங்கள். பதற்றத்தில் இருப்பவர் ‘ஓவர்ரைட்’ கொடுத்து, இன்றைய கோப்பையும் இழந்துவிட வாய்ப்பு அதிகம். சிறு உருவங்களைப் பார்த்துத் தேட வேண்டும் என்றால் எக்ஸ்ப்ளோரரில் திறக்கும் வசதியும் அந்த ஜன்னலிலேயே இருக்கிறது. வேறு கணினியில் திறக்க, அங்கேயும் வீமை நிறுவ வேண்டும். அது இலவசம் என்பதால் பெரிய தடை இல்லை.

மற்ற இரண்டையும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அக்ரோனிஸ் ஏற்கெனவே வாங்கி வைத்திருப்பவர்கள் மாற வேண்டியதில்லை, உலாவும் வசதி அதில் நன்றாகவே இருக்கிறது. ஹாஸ்லியோவும் இலவசமாக இமேஜை இணைத்துக் காட்டுகிறது.

இந்த வகை எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு பலவீனம் சங்கிலி. இன்கிரிமெண்டல் முறையில் வெள்ளிக்கிழமைக் கோப்பைத் திறக்க, முதல் முழு இமேஜும், அதற்குப் பின் வந்த ஒவ்வொன்றும் வேண்டும். நடுவில் ஒன்றை இடம் போதவில்லை என்று அழித்துவிட்டால், அதற்குப் பிந்தைய எதுவும் திறக்காது. முழு இமேஜுக்குப் பிறகு மாறியது எல்லாவற்றையும் ஒவ்வொரு முறையும் எடுக்கும் டிஃபரென்ஷியல் முறையில் முழு இமேஜும் கடைசி ஒன்றும் இருந்தாலே போதும், ஆனால் இடம் அதிகம் பிடிக்கும். வெளி டிரைவில் கைவைத்து எதையாவது அழிக்கும் பழக்கம் வீட்டில் யாருக்காவது இருந்தால், டிஃபரென்ஷியலையே தேர்ந்தெடுங்கள்.

சரி, குளோன்ஜில்லா. தைவானில் உள்ள தேசிய உயர்திறன் கணிமை மையத்தில் உருவான இந்த இலவசக் கருவியை நம் ஊர் கணினிக் கடைகளிலும் கல்லூரி ஆய்வகங்களிலும் நிறையப் பயன்படுத்துகிறார்கள். ஒரே மாதிரி முப்பது கணினிகளை ஒரே நாளில் தயார் செய்ய வேண்டும் என்றால் அதை மிஞ்ச ஆள் இல்லை. முழு டிஸ்க்கைத் திரும்பப் போடுவதிலும் கெட்டி. ஆனால் உள்ளே உலாவ அது வடிவமைக்கப்படவே இல்லை. பார்ட்குளோன் என்ற கருவி, பயன்பாட்டில் உள்ள பிளாக்குகளை மட்டும் வரிசையாக எழுத, அந்த ஓட்டத்தை ஜிஜிப் அல்லது இசட்ஸ்டாண்டர்ட் முறையில் சுருக்கி, தேவைப்பட்டால் பல துண்டுகளாக வெட்டி வைக்கிறது. நான் முன்பு சொன்ன, டேப்பை ஓட்டும் வகை.

ஒரு கோப்பு வேண்டும் என்றால் வழக்கமான வழி இதுதான்: துண்டுகளை ஒன்றாகச் சேர்த்து, விரித்து, பார்ட்குளோனிடம் கொடுத்து, ஒரு முழுப் பார்ட்டிஷன் கோப்பாக மாற்றி, அதை லினக்ஸில் மவுண்ட் செய்ய, அதாவது ஒரு டிரைவ் போல இணைக்க வேண்டும். 500 ஜிபி பார்ட்டிஷன் என்றால் அந்தக் கோப்பின் பெயரளவு 500 ஜிபி. காலி இடங்களை எழுதாமல் விடும் ஸ்பார்ஸ் கோப்பாக எழுதினால் உண்மையில் நிரம்பிய அளவுதான் இடம் பிடிக்கும், அப்படியும் வெளி டிரைவில் நிறைய இடமும் ஒரு மாலைப் பொழுதும் வேண்டும். லினக்ஸ் கட்டளைகள் பழகியவருக்கு இது வெறும் காத்திருப்பு. பழகாதவருக்கு இது சுவர்.

அந்தச் சுவரில் ஒரு கதவு போட்டவர்கள் ரெஸ்கியூஜில்லாக்காரர்கள். குளோன்ஜில்லா இமேஜ்களை அப்படியே படிக்கக்கூடிய, மவுஸில் இயக்கும் கருவி அது. பென் டிரைவிலிருந்து கிளப்பி, ‘இமேஜ் எக்ஸ்ப்ளோரர்’ பகுதியில் இமேஜைத் தேர்ந்தெடுத்தால், பார்ட்டிஷனை ஃபோல்டர்களாகத் திறந்து காட்டும். தனியாக 500 ஜிபி இடமும் தேவையில்லை. பெரிய, சுருக்கப்பட்ட இமேஜ் என்றால் நிதானமாகத்தான் நகரும், அதற்குக் காரணம் கருவி அல்ல, இமேஜ் எழுதப்பட்ட விதம். ஏற்கெனவே குளோன்ஜில்லா இமேஜ்கள் கைவசம் வைத்திருப்பவர்களுக்கு இதுதான் முதல் வழி. புதிதாக எடுப்பவர்களுக்கு, கோப்புகளை எடுப்பதுதான் நோக்கம் என்றால், குளோன்ஜில்லாவே வேண்டாம் என்பேன்.

பிட்டுக்குப் பிட்டு எடுக்கும் ரா இமேஜ் தனி வகை. டிடி கட்டளையோ ஜிஎன்யூ டிடிரெஸ்கியூவோ டிஸ்க்கின் எல்லா பிளாக்குகளையும், காலியானவற்றையும் சேர்த்து, அப்படியே ஒரு கோப்பில் எழுதும். 1 டெராபைட் டிஸ்க் என்றால் 1 டெராபைட் கோப்பு. தினமும் எடுக்க இது வீண். ஆனால் இரண்டு இடங்களில் வேறு எதுவும் இதற்கு ஈடாகாது. முதலாவது, டிஸ்க் டிக் டிக் என்று சத்தம் போட ஆரம்பித்து, படிக்கும்போது திணறும் நிலை. டிடிரெஸ்கியூ முதலில் நன்றாகப் படிக்க முடிகிற பகுதிகளை அள்ளிக்கொண்டு, மோசமான பகுதிகளைக் கடைசியில் முயலும். எது முடிந்தது எது மிச்சம் என்று ஒரு வரைபடக் கோப்பில் குறித்துவைப்பதால், நடுவில் நிறுத்தித் தொடரவும் முடியும். இரண்டாவது, அழித்துவிட்ட கோப்பைத் தேடும்போது. மேக்ரியமும் குளோன்ஜில்லாவும் வழக்கமாகப் பயன்பாட்டில் உள்ள பிளாக்குகளை மட்டுமே எடுக்கும். அழித்த கோப்பின் எச்சங்கள் அந்த இமேஜில் இருக்காது. ரா இமேஜில் இருக்கும்; ஃபோட்டோரெக், டெஸ்ட்டிஸ்க் போன்ற கருவிகளை அதன் மேல் ஓட்டலாம். எஸ்எஸ்டியில், அழித்த பிளாக்குகளைத் துடைத்துவிடும் டிரிம் வேலை முடித்திருந்தால் அதிலும் ஒன்றும் கிடைக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ரா இமேஜைத் திறப்பது லினக்ஸில் எளிது. முழு டிஸ்க் இமேஜ் என்றால் உள்ளே பார்ட்டிஷன் எங்கே தொடங்குகிறது என்று சொல்ல வேண்டும்; எஃப்டிஸ்க் கட்டளை தரும் தொடக்க செக்டர் எண்ணை 512-ஆல் பெருக்கினால் அது கிடைக்கும். 2048-ஆவது செக்டர் என்றால் 1048576. இப்போதைய லூப் சாதன வசதி இந்தக் கணக்கைத் தானே போட்டுக்கொள்ளும். எப்படியானாலும் படிக்க மட்டும் என்ற நிலையிலேயே மவுண்ட் செய்யுங்கள். விண்டோஸில் இருப்பவர் செவன்-ஜிப்பில் திறந்து பார்க்கலாம்.

இமேஜே வேண்டாம் என்பதும் ஒரு வழி. ரெஸ்டிக், போர்க், கோபியா போன்றவை கோப்புகளை மட்டும் பேக்கப் எடுத்து, ஒவ்வொரு தேதியையும் ஒரு ஃபோல்டராக மவுண்ட் செய்து காட்டும். கோப்பைத் திரும்ப எடுப்பது மட்டுமே தேவை என்றால் இவை இமேஜைவிட மேல், இடமும் குறைவு. ரெஸ்டிக்கின் மவுண்ட் விண்டோஸில் இயங்காது, அங்கே கோபியாவைப் பாருங்கள். மேக் வைத்திருப்பவர்களுக்கு டைம் மெஷின் 2007 முதலே இந்த வேலையைச் செய்கிறது, அவர்கள் இங்கே கவலைப்பட அதிகம் இல்லை. ஆனால் இவற்றில் எந்தெந்த ஃபோல்டர் என்று நாம் முன்கூட்டியே சரியாகச் சொல்ல வேண்டும். டேலிப்ரைம் தன் டேட்டாவை வழக்கமாக டாக்குமென்ட்ஸில் வைப்பதில்லை, சி டிரைவில் யூசர்ஸ், பப்ளிக் என்று போகும் ஃபோல்டருக்குள் வைக்கிறது. டிடிபி வேலை செய்பவர்களின் பழைய பேஜ்மேக்கர் கோப்புகள், யூனிகோடுக்கு முந்தைய தமிழ் எழுத்துருக்கள் இல்லாவிட்டால் திறந்தும் பயனில்லை. அந்த எழுத்துருக்கள் விண்டோஸ் ஃபோல்டருக்குள்ளோ, பயனரின் மறைந்திருக்கும் ஆப்டேட்டா ஃபோல்டருக்குள்ளோ இருக்கும். இவற்றை யாரும் பேக்கப் பட்டியலில் நினைத்துச் சேர்ப்பதில்லை. எதையும் விடாமல் அள்ளிக்கொள்வதுதான் இமேஜின் அருமை, அதனால்தான் இடம் அதிகம் பிடித்தாலும் நான் இமேஜை விடுவதில்லை.

எந்த வழியை எடுத்தாலும் சில தடைகள் வரும். அவற்றை முன்பே தெரிந்துகொண்டால் தேர்வும் மாறலாம்.

முதல் தடை, உரிமை. பழைய கணினியின் பயனர் ஃபோல்டரை வேறு கணினியில் திறந்தால் ‘உங்களுக்கு அனுமதி இல்லை’ என்று விண்டோஸ் சொல்லும். ‘கன்டினியூ’ கொடுத்தால் உரிமைகளை மாற்றி எழுத முயலும். இமேஜ் படிக்க மட்டும் என்று இணைந்திருப்பதால் அது நடக்காது. மேக்ரியத்தின் அந்த டிக் பெட்டி இதற்காகத்தான். மற்ற இடங்களில் செவன்-ஜிப்போ லினக்ஸோ கைகொடுக்கும், இரண்டுமே இந்த உரிமைகளைப் பொருட்படுத்தாமல் படிக்கும்.

அடுத்தது, டிஸ்க்கை மறைகுறியாக்கிப் பூட்டும் விண்டோஸின் பிட்லாக்கர். விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது இமேஜ் எடுத்தால், திறந்த நிலையில் உள்ள தரவு இமேஜுக்குப் போகும். உலாவ எந்தச் சிக்கலும் இல்லை, ஆனால் இமேஜுக்குத் தனியாகக் கடவுச்சொல் போடாவிட்டால் அதை யார் வேண்டுமானாலும் படிக்கலாம். பென் டிரைவிலிருந்து கிளப்பி குளோன்ஜில்லாவில் எடுத்தால், பூட்டிய நிலையிலேயே முழு அளவில் வரும். 48 இலக்க மீட்பு எண் இல்லாமல் ஒன்றும் தெரியாது. புது லேப்டாப்புகள் பலவற்றில் இந்தப் பூட்டு நாம் கேட்காமலே போடப்பட்டிருக்கும். அந்த எண்ணைத் தாளில் எழுதி இமேஜ் டிரைவோடு வைக்காமல், வேறு இடத்தில் வையுங்கள்.

மைக்ரோசாஃப்டின் மேகச் சேமிப்பான ஒன்டிரைவ்தான் பலரை ஏமாற்றுவது. இமேஜைத் திறந்தால் கோப்பின் பெயர் தெரியும், அளவும் தெரியும், காப்பி செய்யப்போனால் பிழை வரும். இமேஜ் எடுத்தபோது அந்தக் கோப்பு டிஸ்க்கில் முழுசாக இருக்கவில்லை. பெயர்ப்பலகை மட்டும் இங்கே, உள்ளடக்கம் மேகத்தில். எந்தப் பேக்கப் மென்பொருளும் இல்லாததை எடுக்க முடியாது. முக்கியமான ஃபோல்டர்களின் மேல் வலது கிளிக் செய்து, எப்போதும் இந்தக் கணினியில் வைத்திரு என்ற தேர்வைக் கொடுத்து, பச்சை வட்டம் முழுசாக நிரம்பிய பிறகு இமேஜ் எடுங்கள். குரோமில் சேமித்த கடவுச்சொற்களும் இப்படித்தான். அவை பழைய விண்டோஸ் பயனர் கணக்கோடு பிணைத்துப் பூட்டப்பட்டவை. புக்மார்க்குகள் வரும், கடவுச்சொற்கள் வராது.

தமிழில் கோப்புப் பெயர் வைப்பவர்களுக்கு மட்டும் இன்னொன்று. விண்டோஸின் என்டிஎஃப்எஸ் ஒரு பெயரில் 255 எழுத்துக் குறியீடுகளை அனுமதிக்கும். லினக்ஸின் எக்ஸ்ட்4 அனுமதிப்பது 255 பைட்டுகளை. ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட்டுகள், அதாவது 85 குறியீடுகளோடு எல்லை வந்துவிடும். ‘கி’ போன்ற உயிர்மெய் ஒவ்வொன்றும் இரண்டு குறியீடுகள். எனவே ‘அப்பாவின் அறுபதாம் கல்யாணம் திருக்கடையூர் கோயில் மண்டபத்தில் உறவினர்களோடு எடுத்த குடும்பப் படங்கள்’ போன்ற நீளப் பெயர்களை லினக்ஸ் வழியாக எடுத்து எக்ஸ்ட்4 டிரைவில் போட்டால், பெயர் நீளம் என்று அந்தக் கோப்பை மட்டும் விட்டுவிட்டு மற்றவை காப்பியாகும். நூற்றுக்கணக்கான கோப்புகளுக்கு நடுவே இதைக் கவனிக்காமல் போவது சுலபம். வெளியே எடுத்துப் போடும் டிரைவும் என்டிஎஃப்எஸ்ஸாகவே இருக்கட்டும்.

இவ்வளவையும் வைத்து என் தேர்வு இப்படி. வேலை செய்யும் கணினிக்கு, ஒவ்வொரு வாரமும் எடுக்க: பணம் கொடுக்கலாம் என்றால் மேக்ரியம், இல்லை என்றால் வீம். பழைய கணினியைக் கைவிடும் முன்: டிஸ்க்டுவிஎச்டி, விஎச்டிஎக்ஸ் வடிவில், இரண்டு வேறு டிரைவ்களில். திணறும் டிஸ்க்குக்கு: டிடிரெஸ்கியூ, வேறு எதையும் முயன்று பார்க்காமல் நேராக அதுவே. ஆய்வகம் முழுக்க ஒரே மாதிரி கணினிகளுக்கு மட்டும் குளோன்ஜில்லா. எதை எடுத்தாலும் எடுத்த அன்றே வேறொரு கணினியில் திறந்து, ஒரு படம், ஒரு டேலி ஃபோல்டர், ஆப்டேட்டாவுக்குள் ஒரு கோப்பு, ஒன்டிரைவில் ஒரு கோப்பு என்று எடுத்துத் திறந்து பாருங்கள். டேலி கம்பெனியை எடுக்கும்போது எண்ணைப் பெயராகக் கொண்ட அந்த ஃபோல்டரை முழுசாக எடுக்க வேண்டும், உள்ளிருந்து ஒன்றிரண்டு கோப்புகளை மட்டும் எடுத்தால் திறக்காது.

எதிலே எடுத்தது என்றே தெரியாத ஒரு பழைய இமேஜ் கையில் இருந்தால், கோப்பின் விரிவைப் பாருங்கள். எம்ஆர்ஐஎம்ஜி என்று முடிந்தால் மேக்ரியம். விபிகே என்றால் வீம். டிஐபி, டிஐபிஎக்ஸ் என்றால் அக்ரோனிஸ். ஒரு ஃபோல்டர் நிறைய ‘பிடிசிஎல்-ஐஎம்ஜி’ என்று நடுவில் வரும் பெயர்கள் இருந்தால் குளோன்ஜில்லா, ரெஸ்கியூஜில்லாவை எடுங்கள். ஜிஎச்ஓ என்றால் அது நார்ட்டன் கோஸ்ட், 2013-இல் விற்பனை நிறுத்தப்பட்டது. ஒரு காலத்தில் கணினிக் கடைகளில் எங்கும் இருந்தது. அதோடு வந்த கோஸ்ட் எக்ஸ்ப்ளோரர் என்ற சின்ன நிரல் இருந்தால் உள்ளே உள்ள கோப்புகளைத் தனித்தனியே எடுக்கலாம், அந்த நிரல் பழைய கோஸ்ட் சிடியில் இருக்கும். விரிவு எதுவுமே புரியாவிட்டால் முதலில் செவன்-ஜிப்பில் திறந்து பாருங்கள். அது சுருக்கக் கோப்புகளைத் தாண்டி, டிஸ்க் இமேஜ் வடிவங்கள் பலவற்றையும் கோப்பு அமைப்புகளையும் அடையாளம் காணும்.